பண்டிகைக்குப் பெயர் மாற்றிய நாடு

டிசம்பர் 25-ஆம் நாளை உலகின் பெரும்பகுதி கிறிஸ்துமஸ் என்று கொண்டாடுகிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்திலோ அந்நாளின் பெயர் 'குடும்ப நாள்'. கீழ்த்திசை ஞானியர் மூவர் குழந்தை ஏசுவைக் காண வந்தனர் என்று சொல்லிக் கொண்டாடப்படும் ஜனவரி 6, அங்கே 'குழந்தைகள் நாள்'. ஏசு சிலுவையில் அறையப்பட்டதை நினைந்து உருகும் புனித வாரத்துக்கு அந்நாட்டு அரசு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சுற்றுலா வாரம்'!

நேற்று வந்த மாற்றமன்று இது. 1919-ஆம் ஆண்டிலேயே சட்டமாகி, நூறாண்டு கடந்தும் நிலைத்து நிற்கும் மாற்றம். நடந்த இடமும் நாம் எதிர்பார்க்கும் இடமன்று. வெற்றியாளனின் வாளும் பாதிரியின் சிலுவையும் ஒரே கப்பலில் வந்திறங்கிய தென் அமெரிக்கக் கண்டத்தில், உருகுவே என்னும் சிறு நாட்டில் நடந்தது.

அப்படியானால் அங்கே கோயில்களை இடித்துவிட்டார்களா? குருமாரைத் துரத்திவிட்டார்களா? இல்லை. கோயில் மணி இன்றும் ஒலிக்கிறது, விரும்புவோர் தொழுகின்றனர், விரும்பாதோர் கடற்கரைக்குப் போகின்றனர். அரசு மட்டும் எந்தக் கோயிலுக்குள்ளும் நுழைவதில்லை. எந்தக் கோயிலையும் தன் அலுவலகத்துக்குள் நுழையவிடுவதும் இல்லை. சுற்றுலா வாரம் என்றே பெயர் சூட்டிய நாட்டுக்கு நாமும் ஒரு சுற்றுலா சென்று வருவோம். பகுத்தறிவாளர் கண்டு மகிழ வேண்டியவை அங்கே பல உண்டு. கண்டு தலைகுனிய வேண்டியவையும் சில உண்டு. இரண்டையும் பார்த்துத் திரும்புவதே முறையான பயணம்.

* * *

வடக்கே பிரேசில் என்னும் பெருநாடு. மேற்கே அர்ஜென்டினா என்னும் மற்றொரு பெருநாடு. இரு யானைகளுக்கு நடுவே நிற்கும் முயல் போல உருகுவே. பரப்பு ஏறத்தாழ 1,76,000 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 35 இலட்சம். மாடுகளோ அதைப்போல் மும்மடங்குக்கும் மேல்! நாடெங்கும் புல்வெளி, மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நாட்டின் மிக உயர்ந்த மேடு 514 மீட்டர்தான். அதன் பெயர் 'பேராலயக் குன்று' என்பது வேடிக்கை.

பேசும் மொழி ஸ்பானியம். நமக்குக் கடுங்குளிர் தரும் டிசம்பரும் ஜனவரியும் அவர்களுக்குக் கோடை. தெருவில் பத்துப் பேரைக் கண்டால் அவர்களிற் பலருடைய அக்குளில் வெந்நீர்க் குடுவை இருக்கும். கையில் ஒரு சுரைக் குடுக்கை இருக்கும். 'மாத்தே' என்னும் இலைத்தூளை அதிலிட்டு, வெந்நீர் வார்த்து, உலோகக் குழலால் உறிஞ்சுகின்றனர். நண்பர் கூடினால் ஒரே குடுக்கை, ஒரே குழல், வட்டமாகக் கைமாறும். முதலாளி உறிஞ்சிய குழலில் தொழிலாளி உறிஞ்சுவான். எவரும் முகம் சுளிப்பதில்லை.

அர்ஜென்டினத் தலைநகர் பியூனஸ் அயர்ஸிலிருந்து படகேறி, கடல் போல் விரிந்த பிளாட்டா ஆற்றைக் கடந்தால், முதலில் வருவது கொலோனியா என்னும் பழைய துறைமுகம். 1680-இல் போர்த்துகீசியர் கட்டியது. எதிர்க்கரையில் ஸ்பானியர். ஒரு நூற்றாண்டுக் காலம் அந்தச் சிற்றூர் இரு பேரரசுகளுக்கிடையே பந்தாக உருண்டது. போர்த்துகீசியருக்குப் போட்டியாக ஸ்பானியர் 1724-க்கும் 1726-க்கும் இடையே கிழக்கே கட்டியெழுப்பிய கோட்டை நகரமே மாண்டிவிடியோ, இன்றைய தலைநகர். நாட்டு மக்களில் மூவரில் ஒருவருக்கு மேல் அங்கேதான் வாழ்கின்றனர்.

இந்த நாட்டில் பொன் இல்லை, வெள்ளி இல்லை. அதனால் ஸ்பானியர் முதலில் பொருட்படுத்தவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஒருவர் இப்புல்வெளியில் மாடுகளை அவிழ்த்துவிட்டார். மாடுகள் பெருகின. தோலுக்கு விலை வந்தது. பிறகுதான் மனிதர் வந்தனர், நிலத்தை வளைத்தனர். மாடு முன்னே, மனிதன் பின்னே! பல்லாயிரம் ஏக்கர் ஒருவன் கையில். அதில் மாடு மேய்ப்போனுக்கு ஒரு குடிசைக்கும் உரிமை இல்லை. இந்த முதல் அநீதியை நினைவில் வைத்துக்கொள்வோம். பயணத்தின் முடிவில் மீண்டும் எதிர்ப்படும்.

* * *

மாண்டிவிடியோவின் நடுவில் விடுதலைச் சதுக்கம். அதன் நடுவில் குதிரைமீது ஒரு வீரர் சிலை, 1923-இல் நிறுவப்பட்டது. சிலைக்கடியில், படியிறங்கிச் சென்றால், கருங்கல் மண்டபம். அவருடைய எலும்பும் சாம்பலும் அடங்கிய பேழை. அவர்தாம் ஹோசே ஆர்ட்டிகாஸ், உருகுவே மக்கள் தந்தை எனப் போற்றும் தலைவர்.

1811-இல் ஸ்பானியப் படையை லாஸ் பியத்ராஸ் என்னுமிடத்தில் முறியடித்தவர். 1813-இல், அரசியலமைப்பு மன்றத்துக்குத் தம் மக்களின் பேராளர்களை அனுப்பியபோது, குடியியல் உரிமையும் சமய உரிமையும் முழுமையாக நிலைநாட்டப்பட வேண்டும் என்று அறிவுரை எழுதிக் கொடுத்தவர். 1815-இல் அவர் பிறப்பித்த நிலச் சட்டமோ இன்று படித்தாலும் வியப்பூட்டுவது. பகைவரிடமிருந்து கைப்பற்றிய நிலத்தை யாருக்குக் கொடுப்பது? படைத்தலைவர்க்கா? உறவினர்க்கா? அல்ல. மிகவும் துன்புற்றவருக்கே முதலுரிமை என்றார். விடுதலை பெற்ற கறுப்பர், பழங்குடியினர், கலப்பினத்தார், ஏழை வெள்ளையர், குழந்தைகளோடு தவிக்கும் கைம்பெண்கள் ஆகியோர்க்கு நிலம் தருக என்றார்.

நிலம் என்ற சொல் எழுந்த மறுகணமே செல்வர்க்கு நாட்டுப்பற்று வற்றிவிடுவது எங்கும் கண்ட உண்மை! 1816-இல் பிரேசில் பக்கமிருந்து போர்த்துகீசியப் படை நுழைந்தது. உள்ளூர்ச் செல்வர் பலர் அதனை வரவேற்றனர். 1820-இல் தோல்வியுற்ற ஆர்ட்டிகாஸ் பராகுவே நாட்டில் அடைக்கலம் புகுந்தார். முப்பதாண்டுகள் அங்கேயே வாழ்ந்து 1850-இல் மறைந்தார். தாய்நாட்டில் அவர் மீண்டும் கால் வைக்கவே இல்லை. அவர் பங்கிட்ட நிலம் பழைய கைகளுக்கே திரும்பியது.

1825 ஆகஸ்டு 25-இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் மோதி ஓய்ந்தன. பிரிட்டன் நடுவில் நின்று 1828-இல் உடன்படிக்கை செய்துவைத்தது. 1830 ஜூலை 18-இல் அரசியல் சட்டம் மலர்ந்தது. தலைநகரின் பெருந்தெருவுக்கு 'ஜூலை 18' என்றே பெயர். ஆனால் அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அரசின் மதம் ரோமன் கத்தோலிக்கம் என்கிறது அது. கூலியாளுக்கு வாக்கில்லை, வீட்டு வேலையாளுக்கு வாக்கில்லை என்கிறது. பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை!

ஆர்ட்டிகாஸின் மண்டபம் 1977-இல், படைத்துறை ஆட்சிக் காலத்தில், கட்டப்பட்டது. சுவரெங்கும் பெரிய எழுத்துகளில் அவர் வாழ்க்கையின் நிகழ்ச்சிகளும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. "தளபதிகள் தேடித் தேடிப் பார்த்தார்கள், தங்களைச் சுடாத ஒரு வாசகமும் அவருடைய எழுத்தில் அகப்படவில்லை" என்று அந்நாட்டு மக்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. தலைவர்களைக் கல்லாக்கி, கருத்தை மண்ணாக்கும் கலை எல்லா நாட்டு ஆட்சியாளர்க்கும் கைவந்ததே போலும்!

* * *

அடுத்து பிராதோ என்னும் பூங்காவுக்குச் செல்வோம். மரநிழலில் நான்கு வெண்கல உருவங்கள். 'கடைசி சர்ரூவாக்கள்' என்பது சிலையின் பெயர். சர்ரூவா என்போர் இம்மண்ணின் பழங்குடி மக்கள். ஸ்பானியர்க்கு அடிபணிய மறுத்தவர்கள். ஆர்ட்டிகாஸின் படையில் தோளோடு தோள் நின்று போரிட்டவர்கள்.

அரசியல் சட்டம் பிறந்து ஒன்பதே திங்கள். 1831 ஏப்ரல் 11. முதல் குடியரசுத் தலைவர் ரிவேரா, சர்ரூவாத் தலைவர்களை நட்புக்குரல் கொடுத்து அழைத்தார். எல்லை காக்க உங்கள் உதவி தேவை என்றார். நம்பி வந்தனர். ஓடைக்கரையில் படை சூழ்ந்தது, துப்பாக்கிகள் முழங்கின. ஆடவர் பலர் அங்கேயே மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் சிறைப்பட்டு, மாண்டிவிடியோ வரை நடத்திக் கொண்டுவரப்பட்டு, நகரத்துச் செல்வர் வீடுகளுக்கு வேலைக்காரராகப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டனர். அந்த ஓடையின் பெயர் சல்சிபுயெதெஸ். 'முடிந்தால் வெளியே போ' என்பது அதன் பொருள்.

எஞ்சியவரில் நால்வரை 1833-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பாரிசுக்குக் கொண்டுசென்றார். எதற்கு? காட்சிப் பொருளாகக் காசு வாங்கிக் காட்டுவதற்கு! வைமாக்கா, செனாக்கே, தக்குவாபே, அவர்களோடு குயுனூசா என்னும் பெண். அவள் அந்நகரிலேயே ஒரு குழந்தையையும் ஈன்றாள். ஆண்டு முடியுமுன் இருவர் மாண்டனர். அடுத்த ஆண்டு குயுனூசாவும் மாண்டாள். தக்குவாபேயும் குழந்தையும் என்ன ஆயினர் என்பதற்குத் தடயமே இல்லை. வைமாக்காவின் எலும்புக்கூடு பாரிசு அருங்காட்சியகத்தில் கிடந்தது. 2002-இல்தான் நாடு திரும்பி, தேசியக் கல்லறை மாடத்தில் அடக்கம் பெற்றது.

'நாங்கள் ஐரோப்பியக் குருதியினர். இங்கே பழங்குடிகள் இல்லை' என்று நீண்ட காலம் உருகுவே பெருமை பேசியதுண்டு. இல்லாமற்போனது எப்படி என்பதை இந்தச் சிலை சொல்கிறது.

நகரின் தென்கரையில் பாரியோ சூர் என்னும் பகுதி. மாலை வேளையில் அங்கே முரசொலி கேட்கும். ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் மூவகை முரசுகளை முழக்கித் தெருவில் நடப்பர். 'கந்தோம்பே' என்பது அதன் பெயர். மாண்டிவிடியோ 1791 முதல் அடிமை வாணிபத்துக்கு உரிமம் பெற்ற துறைமுகம். 1842-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அருள் சுரந்தா? உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; படைக்கு ஆள் தேவைப்பட்டது. விலங்கைக் கழற்றிய கையோடு துப்பாக்கியைக் கொடுத்தனர்!

அந்த மக்களின் பிள்ளைகள்தாம் பின்னாளில் இந்நாட்டுக்குப் புகழ் சேர்த்தனர். 1916-இல் தென் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் உருகுவே, சிலி நாட்டை நான்கு பந்துகளால் வென்றது. இரண்டை அடித்தவர் கிராதின் என்னும் கறுப்பின இளைஞர். 'ஆப்பிரிக்கரை இறக்கிவிட்டார்கள்' என்று சிலி முறையிட்டது, முறையீடு எடுபடவில்லை. 1930-இல் முதல் உலகக் கோப்பையை, தன் தலைநகரிலே, உருகுவே வென்றது. 1950-இல் பிரேசிலின் மரக்கானாத் திடலில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் எதிரே, மீண்டும் வென்றது. அப்போது அணித்தலைவர் ஒப்துலியோ வரேலா, ஆப்பிரிக்கக் குருதி கலந்தவர். ஆயினும் 1978-இல் அந்தப் படைத்துறை ஆட்சியே பாரியோ சூரில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பெருங்குடியிருப்பைக் காலி செய்து இடித்தது. அவர்கள் வெளியேற்றப்பட்ட டிசம்பர் 3, இன்று கந்தோம்பே நாளாகக் கொண்டாடப்படுகிறது.

* * *

இனி, நம்மை இங்கே அழைத்துவந்த கேள்விக்கு வருவோம். கத்தோலிக்கமே அரசின் மதம் என்று எழுதிவைத்த நாடு, பண்டிகைக்குப் பெயர் மாற்றும் துணிவை எங்கிருந்து பெற்றது?

சுடுகாட்டிலிருந்து தொடங்குகிறது அந்தக் கதை.

1861. சான் ஹோசே என்னும் ஊரில் ஜெர்மானியர் ஒருவர் இறந்தார். கத்தோலிக்கர்தாம், ஆனால் பிரீமேசன் என்னும் கழகத்தில் உறுப்பினர். அக்கழகத்தைத் திருச்சபை வெறுத்தது. "இவருக்குக் கல்லறையில் இடமில்லை" என்றார் ஊர்ப் பாதிரி. நண்பர்கள் உடலைத் தலைநகருக்கு எடுத்து வந்தனர். அங்கும் தடை விதித்தார் தலைமைக் குரு. பிணம் காத்திருந்தது; மதம் வாதாடியது. கடைசியில் அரசு தலையிட்டு அடக்கம் செய்தது. அந்த ஆண்டே கல்லறைகள் அனைத்தும் அரசின் கைக்கு மாறின. இறந்தவனை மண்ணில் இட மதத்தின் இசைவு தேவையில்லை என்றாயிற்று.

சாவு கையை விட்டுப் போயிற்று. அடுத்துப் பிறப்பும் போயிற்று: 1879-இல் பிறப்பு இறப்புப் பதிவு அரசுப் பணியாயிற்று. 1885-இல் பதிவுத் திருமணம் கட்டாயமாயிற்று. பிறப்பு, மணம், இறப்பு ஆகிய மூன்று வாயில்களிலும் காவல் நின்று கட்டணம் பெற்றுவந்த குருமார், கால் நூற்றாண்டுக்குள் மூன்றையும் இழந்தனர்.

சட்டம் மட்டுமா செய்தது? சட்டத்தை ஏற்கும் மனத்தைச் செய்தது பள்ளிக்கூடம். அதன் சிற்பி ஹோசே பெத்ரோ வரேலா. நாட்டில் அப்போது லத்தோரே என்னும் படைத்தலைவனின் கொடுங்கோலாட்சி. அந்த ஆட்சியில் கல்விப் பொறுப்பை வரேலா ஏற்றபோது நண்பர்கள் தூற்றினர். ஒரு கொடுங்கோலனை விரட்டினால் மற்றொருவன் வருவான். மக்களின் கல்லாமையே கொடுங்கோன்மையின் வேர். அந்த வேரை வெட்டுவேன் என்பது வரேலாவின் வாதம். 1877-இல் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 34-ஆம் வயதில், வரேலா மறைந்தார். கொடுங்கோலன் போனான், பள்ளிக்கூடம் நின்றது! இன்றும் காலை வேளையில் உருகுவேயின் எந்தத் தெருவில் நின்றாலும், வெள்ளை அங்கி அணிந்து, கழுத்தில் நீல நாடா முடிச்சிட்ட குழந்தைகளைக் காணலாம். மருத்துவர் மகனும் மாடு மேய்ப்போர் மகளும் அரசுப் பள்ளியில் அணிவது அந்த ஒரே உடைதான்.

அந்தப் பள்ளிகளில் ஒரு தலைமுறை படித்து முடித்த வேளையில் அரங்கேறினார் ஹோசே பாட்யே. 1886-இல் 'எல் தியா' என்னும் ஏடு தொடங்கியவர். 1903 முதல் 1907 வரையும், 1911 முதல் 1915 வரையும் குடியரசுத் தலைவர். நாளேட்டின் மையும் ஆட்சியின் முத்திரையும் ஒரே கையில் சேர்ந்தன. 1906-இல் அரசு மருத்துவமனைகளின் சுவர்களிலிருந்து சிலுவைகள் இறக்கப்பட்டன. 1907-இல் நாடாளுமன்ற உறுதிமொழியிலிருந்து கடவுள் பெயர் நீங்கியது. அவ்வாண்டே மணவிலக்குச் சட்டம் வந்தது. அவ்வாண்டே மரண தண்டனையும் ஒழிந்தது. 1909-இல் அரசுப் பள்ளிகளில் சமயப் பாடம் நின்றது. 1917-இல் ஏற்கப்பட்டு 1919-இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டம், அரசுக்கு மதமே இல்லை என்று அறுதியிட்டது.

எதிர்ப்பு இல்லாமலா? சிலுவை இறக்கியதைக் கண்டித்து எழுதியவர் ஒரு பாதிரியல்லர். கண்டமெங்கும் புகழ்பெற்ற எழுத்தாளர் ரோதோ. ஏசுவைக் கடவுள் என்று அன்று, ஈகையின் பெரும் ஆசான் என்று போற்றியவர் அவர். 'நோயாளியின் தலைமாட்டில் ஈகையின் சின்னம் இருந்தால் உங்கள் விடுதலைக்கு என்ன கேடு? இது விடுதலை அன்று, வெறி' என்பது அவர் வழக்கு. 'பொது மருத்துவமனை எல்லோர் பணத்திலும் நடப்பது. ஒருவர் நம்பிக்கையின் சின்னத்தை மற்றவர் படுக்கைமேல் தொங்கவிடுவது எப்படி நடுநிலை ஆகும்?' என்பது எதிர் வழக்கு. ஏடுகளில் எழுதினர், மேடைகளில் பேசினர். யாரும் யாரையும் வெட்டவில்லை. ரோதோவின் பெயரால் இன்று தலைநகரில் பெரிய பூங்காவே உண்டு. தோற்றவரையும் மதிக்கும் பண்பு வாதத்தில் வளர்ந்த நாட்டுக்கே வாய்க்கும்.

பெண்ணுரிமையில் அவர்கள் எடுத்த அடி இன்னும் துணிவானது. மணவிலக்குக்குக் காரணம் காட்டு என்றால், அடிபட்ட பெண் மன்றத்தில் நின்று தன் புண்ணைக் காட்ட வேண்டும். காட்ட நாணி வாயடைத்துப் போவாள். ஆகவே, காரணமே சொல்லாமல், பெண்ணின் விருப்பம் ஒன்றே போதும் என்று 1913-இல் சட்டம் செய்தனர். ஆணுக்கு அந்த உரிமை இல்லை! வலியவனும் மெலியவளும் நிற்கும் இடத்தில் இருவர்க்கும் ஒரே சட்டம் என்பது வலியவனுக்கே வாய்ப்பு என்று உணர்ந்து வழி சொன்னவர் வாஸ் பெரைரா என்னும் அறிஞர். 1908-இல் அந்நாட்டின் முதல் பெண் மருத்துவராகப் பட்டம் பெற்ற பவுலினா லூயிசி வாக்குரிமைக்குப் போராடினார். 1927-இல் செர்ரோ சாத்தோ என்னும் சிற்றூரில், தங்கள் ஊர் எந்த மாவட்டத்தைச் சேர வேண்டும் என்ற வாக்கெடுப்பில் பெண்களும் வாக்களித்தனர். அந்நாட்டில் அதுவே முதன்முறை. 1932-இல் நாடு முழுமைக்கும் அவ்வுரிமை சட்டமாயிற்று.

* * *

இவ்வளவையும் கேட்டு உள்ளம் பூரிக்கும். பூரிக்கட்டும்! ஆனால் பாதி வழியிற் கண்ட அந்தப் புல்வெளியை மறந்துவிடவில்லையே?

1915-இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது; உலகில் முந்தி வந்த சட்டங்களுள் ஒன்று. தொழிற்சாலைக்கு வந்தது, கடைக்கு வந்தது, துறைமுகத்துக்கு வந்தது. மேய்ச்சல் நிலத்து வேலியண்டை வந்ததும் நின்றுவிட்டது! பண்ணை முதலாளியைத் தொட்டால் ஆட்சி ஆடும் என்பதை ஆண்டவர் அறிந்திருந்தனர். நாட்டுப்புறத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர உரிமை கிடைத்த ஆண்டு எது தெரியுமா? 2008. தொண்ணூற்று மூன்று ஆண்டுகள்! வீட்டு வேலைப் பெண்ணுக்கும் 2006-இல்தான் தனிச்சட்டம் வந்தது. 1830-இல் யார் யாருக்கு வாக்கில்லை என்றார்களோ, அந்தக் கூலியாளும் வேலைக்காரியுமே வரிசையின் கடைசியில் நின்றனர். சிலுவையை இறக்கிய கை, வேலியை அசைக்கவில்லை.

மேற்கே உருகுவே ஆற்றங்கரையில் பிரே பெந்தோஸ் என்னும் ஊர். 1865 முதல் அங்கே லீபிக் நிறுவனம் மாட்டிறைச்சிச் சாற்றைக் காய்ச்சி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. இரு உலகப் போர்களிலும் படைவீரர் உண்ட டப்பா இறைச்சி அவ்வூரிலிருந்து போனது. போர் நடந்தவரை செல்வம் கொழித்தது; போர் ஓய்ந்தபின் சந்தை சுருங்கியது. 1979-இல் ஆலை மூடிற்று. இப்போது அது அருங்காட்சியகம். இறைச்சியும் கம்பளியும் விற்ற காசில் நடந்த நல்லாட்சி, 1950-களின் பிற்பகுதியில் விலை சரிந்ததும் தள்ளாடியது. வேலையின்மை, விலையேற்றம், கிளர்ச்சி, அடக்குமுறை. 1973 ஜூன் 27-இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. படைத்துறை ஆட்சி பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 'தென் அமெரிக்காவின் சுவிட்சர்லாந்து' எனப் புகழப்பட்ட நாடு, மக்கள் தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் உலகிலேயே மிகுதியான அரசியல் கைதிகளை அடைத்துவைத்த நாடாயிற்று. மூடநம்பிக்கையை வென்றுவிட்டால் கொடுங்கோன்மை தானே வாராது என்று எண்ணியிருப்போர்க்கு இது எச்சரிக்கை.

ஆயினும் வரேலாவின் பள்ளிக்கூடம் பொய்க்கவில்லை. 1980-இல் தளபதிகள் தங்களுக்கேற்ற அரசியல் சட்டம் ஒன்றை எழுதி, மக்கள் வாக்குக்கு வைத்தனர். ஏடுகளின் வாய் கட்டப்பட்டிருந்தது. தலைவர்கள் சிறையிலும் வெளிநாட்டிலும் இருந்தனர். வென்றுவிடுவோம் என்று நம்பினர். நூற்றுக்கு 57 பேர் அளவில் 'கூடாது' என்று எழுதினர்! கொடுங்கோலாட்சி நடத்திய வாக்கெடுப்பிலேயே கொடுங்கோலாட்சி தோற்றது. 1985-இல் மக்களாட்சி மீண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வாடிய முகிக்கா 2010-இல் குடியரசுத் தலைவரானார். மாளிகையை மறுத்துத் தம் சிறு பண்ணை வீட்டிலேயே வாழ்ந்து, 2025-இல் மறைந்தார். காணாமற்போக்கப்பட்டோர் ஏறத்தாழ இருநூறு பேர். 'அவர்கள் எங்கே?' என்று கேட்டு, 1996 முதல் ஆண்டுதோறும் மே 20-ஆம் நாள் மாலை, மாண்டிவிடியோவின் பெருந்தெருவில் மக்கள் மௌனமாக நடக்கின்றனர். அந்நாளில் அங்கிருக்க நேர்ந்தால் நாமும் சேர்ந்து நடப்போம்.

* * *

புறப்படுமுன் ஓரிடம் மட்டும். பேருந்து நிலையத்துக்கு அருகே பெருஞ்சாலைகள் கூடுமிடத்தில் வானளாவிய ஒரு சிலுவை நிற்கிறது! திகைக்க வேண்டாம். 1987-இல் போப்பாண்டவர் வந்தபோது வழிபாட்டுக்காக நட்டது. அவர் போனபின் அதை அகற்றுவதா, விடுவதா? நாடாளுமன்றமே கூடி வாதிட்டது. குடியரசுத் தலைவர் சாங்கினெட்டி மத நம்பிக்கை உடையவர் அல்லர். ஆயினும் நினைவுச் சின்னமாக நிற்கட்டும் என்றார். நிற்கிறது. 1994-இல் ஆப்பிரிக்க வழிவந்தோர் போற்றும் கடல் தாய் இயேமாஞ்சாவுக்கும் கடற்கரையில் ஒரு சிலை எழுந்தது. வென்றுவிட்ட வழக்கும் மீண்டும் மீண்டும் மன்றத்துக்கு வரும் என்பதையே இவை காட்டுகின்றன. 2014-இல் எடுத்த ஆய்வொன்றில், எம்மதத்தையும் சேராதவர் என்று தம்மைச் சொன்னோர் நூற்றுக்கு 37 பேர். அக்கண்டத்தில் அதுவே மிகுதி. எஞ்சியோர் நம்புகின்றனர். இருசாராரும் ஒரே மாத்தேக் குழலில் உறிஞ்சுகின்றனர்.

பண்டிகைக்குப் பெயர் மாற்றியதா பெரிது? அன்று. பெயரை மாற்ற ஓர் ஆணை போதும். கல்லறை, பதிவேடு, பள்ளி, மருத்துவமனை, மணமேடை என்று அறுபதாண்டுக் காலம் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் வாதாடி, அதன்பின் நாட்காட்டியைத் தொட்டார்களே, அதுதான் பெரிது. சல்சிபுயெதெஸ் ஓடைக்கரையிலும் பண்ணை வேலியண்டையும் அவர்களுடைய சமத்துவம் நின்றுபோனதே, அதுதான் சிறுமை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பவன் வரலாறு எழுதவில்லை, விளம்பரம் எழுதுகிறான்.

ஆர்ட்டிகாஸின் மண்டபத்துச் சுவர் நினைவுக்கு வருகிறது. ஆண்டுகள் அனைத்தும் அங்கே இருக்கின்றன. 1815-உம் அவற்றுள் ஒன்று. அந்த ஆண்டில் அவர் எழுதியதோ, மிகவும் துன்புற்றவருக்கே முதலுரிமை என்பது. அந்தச் சுவரில் இடம்பெறாத அவ்வாசகமே அந்நாட்டிலிருந்து நாம் கொண்டுவரத் தக்க பொருள்.